ஷாஹ் முதல் காசோலை வரை: ‘செக்’ எனும் சொல்லின் ஸனது

ஆங்கிலம் கற்காதவர்களும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில உள்ளன. அவற்றுள் ‘செக்’ என்பது ஒன்று. வங்கியில் பணம் பெறக் கொடுக்கும் தாள் செக். சாலையில் வண்டிகளை மறிக்குமிடம் செக்போஸ்ட். மருத்துவர் உடலைச் சோதிப்பது செக்கப். கட்டம் போட்ட துணி செக் துணி. சதுரங்க ஆட்டத்தில் அரசனுக்கு நேரும் நெருக்கடியும் செக். பணம், தடை, சோதனை, கட்டம், ஆட்டம் என ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இவ்வைந்து பொருள்களும் ஓரொலிக்குள் எவ்வாறு குடிபுகுந்தன என்பது ஆராயத்தக்கது.

இவ்வாய்வு நமக்குத் தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம்முடைய மேடைகளிலும் விழா மலர்களிலும், “காசோலையைக் குறிக்கும் செக் என்ற சொல் ‘ஸக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது” என்று உறுதிபடக் கூறக் கேட்கிறோம். ‘ஸக்’ என்றால் எழுத்து ஆவணம். ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதால் கேட்போர் மகிழ்கின்றனர். மகிழ்ச்சியில் சான்று கேட்க மறந்துவிடுகின்றனர். ஒரு செய்தி நமக்கு உவப்பானது என்பதற்காக அதனை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று உலகுக்குக் கற்பித்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அறிவிப்பாளர் வரிசையாகிய ஸனது இடையறாது இணைந்திருக்கிறதா, ஒருவர் மற்றவரிடமிருந்து கேட்டிருக்கக் கூடியவரா என்றெல்லாம் அவர்கள் வினவினார்கள். சொற்களுக்கும் ஸனது உண்டு. ‘செக்’ எனும் சொல்லை அவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசரைக் குறித்த சொல்

பழம் பாரசீகத்தில் அரசனைக் குறிக்க ‘க்ஷாயதிய’ என்ற சொல் வழங்கியது. கி.மு. 520ஆம் ஆண்டளவில் முதலாம் தாரா மன்னன் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் பொறித்த கல்வெட்டில், தன்னை ‘அரசர்க்கரசன்’ என்று அழைத்துக்கொள்ளும் தொடரில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஆளுதல் என்ற பொருளுடைய இதன் வேர், வடமொழியில் ‘க்ஷத்திரம்’, ‘க்ஷத்திரியர்’ எனும் சொற்களுக்கும் உறவுடையது. காலப்போக்கில் தேய்ந்து ‘ஷாஹ்’ என்றாயிற்று. நம்மவர் பெயர்களில் வரும் ‘ஷா’வும் இதுவே.

அரசர்க்கரசன் எனும் தொடர் ‘ஷாஹான்ஷாஹ்’ என மாறி இஸ்லாமிய வரலாற்றில் ஒரு விவாதத்தையும் எழுப்பியது. மன்னாதிமன்னன் என்று தன்னை அழைத்துக்கொள்வது இறைவனிடத்தில் மிக இழிந்த பெயர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதனை அறிவித்த ஸுஃப்யான் (ரஹ்) அவர்கள், ஷாஹான்ஷாஹ் என்பது போன்ற பெயர் என்று விளக்கம் தந்துள்ளார்கள். ஹிஜ்ரி 429இல் பக்தாதில் புவைஹிய ஆட்சியாளர் ஜலாலுத் தவ்லாவுக்கு இப்பட்டம் சூட்டப்பட்டபோது, அவருக்கு நெருக்கமானவராக இருந்தும் மாவர்தீ (ரஹ்) எனும் சட்டமேதை அதனை ஏற்க மறுத்தார். ஆளுகின்ற மனிதனுக்குப் பெருமையாகச் சூட்ட அறிஞர்கள் தயங்கிய இச்சொல், ஆட்டப்பலகையில் நிற்கும் மரப்பொம்மையின் பெயராகித்தான் உலகைச் சுற்றி வந்தது.

சதுரங்கமும் ஷத்ரஞ்சும்

சதுரங்க ஆட்டம் இந்திய மண்ணில் தோன்றியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. யானை, குதிரை, தேர், காலாள் எனும் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையே ‘சதுரங்கம்’. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் இவ்வாட்டத்தைச் சுட்டும் குறிப்பு உள்ளது. ஈரானுக்குச் சென்றபோது இது ‘சத்ரங்’ ஆயிற்று. இந்திய மன்னன் ஒருவன் இவ்வாட்டத்தைப் புதிராக அனுப்ப, நவ்ஷேர்வானின் அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் அப்புதிரை விடுவித்ததாகப் பஹ்லவி மொழி நூலொன்று கதை கூறுகிறது. ஃபிர்தவ்ஸியின் ஷாஹ்நாமாவும் அதனை விரித்துரைக்கிறது.

அரபு மொழியில் ‘ச்ச’ எனும் வல்லொலியும், ‘ககர’த்தின் மெல்லொலியும் இல்லை. ஆகவே அரபிகளின் நாவில் சத்ரங், ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. ஆனால் ஷாஹ் மாறவில்லை. அரபியில் அரசனுக்கு ‘மலிக்’ என்ற நல்ல சொல் இருந்தும், ஆட்டக்காயின் பெயரை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. எதிரியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்துபவர் “ஷாஹ்!” என்று குரல்கொடுத்து எச்சரிப்பது வழக்கமாயிற்று. அரசன் தப்ப வழியில்லாதபோது “ஷாஹ் மாத்” என்றனர். அரபி வினையைக் கொண்டு பார்ப்போர் இதற்கு ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் கொள்வர்; பாரசீகச் சொல்லாகக் கொள்வோர் ‘அரசன் செயலற்று நின்றான்’ என்பர். ஆட்டத்தில் அரசன் வெட்டப்படுவதில்லை, முடங்கித்தான் போகிறான் என்பதனால் இரண்டாவது விளக்கம் ஆட்டத்தின் இயல்புக்கு நெருங்கியது.

அப்பாஸிய பக்தாதில் இவ்வாட்டம் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் அல்அத்லீ இதுபற்றித் தனிநூல் எழுதினார். கலீஃபா அல்முக்தஃபீயின் (902-908) அவையில் புகழ்பெற்றிருந்த ஆட்டக்காரரை வென்று அஸ்ஸூலீ பெயர்பெற்றார். ஃபிக்ஹ் அறிஞர்களும் இதனை விவாதிக்காமல் விடவில்லை. சூதாட்டம் கலவாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் அது விலக்கப்பட்டதன்று, ஆயினும் விரும்பத்தக்கதன்று என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஹனஃபீ அறிஞர்கள் இதில் கடுமை காட்டினர். இமாம்கள் சட்டம் பேசுமளவுக்கு ஆட்டம் மக்களிடம் பரவியிருந்தது என்பது இதனால் புலனாகும்.

அந்தலூஸ் வழி ஐரோப்பாவுக்கு

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின், ஸிசிலி ஆகிய வாயில்களின் வழியே இவ்வாட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்து ஏடொன்றில் இதுபற்றிய லத்தீன் பாட்டு இடம்பெற்றுவிட்டது. 1283இல் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ தொகுப்பித்த விளையாட்டு நூலின் பெரும்பகுதி சதுரங்கம் பற்றியதே.

இங்கே மொழிகள் இரு வழிகளில் பிரிந்தன. அரபிகளோடு கலந்து வாழ்ந்த ஸ்பானியர், ‘அஷ்ஷத்ரஞ்ச்’ என்பதை அரபுச் சுட்டுறுப்போடு சேர்த்து ‘அஹெத்ரேத்’ என்றாக்கிக்கொண்டனர். மற்ற நாட்டவர், ஆடுவோர் எழுப்பிய “ஷாஹ்” எனும் குரலையே ஆட்டத்துக்குப் பெயராக்கினர். லத்தீனில் ஷாஹ் என்பதன் ஈற்று ஹகரம் ககரமாகி ‘ஸ்காக்’ என்றும், பழம் பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் ஆனது. அதன் பன்மை வடிவம் ஆங்கிலத்தில் ‘செஸ்’ என நின்றது. ஒருமை வடிவம் ‘செக்’ என நின்றது. ‘ஷாஹ் மாத்’ என்பது ‘செக்மேட்’ ஆனது. ‘ருக்’ எனும் தேர்க்காய் ஆங்கிலத்தில் இன்றும் ‘ரூக்’ என்றே வழங்குகிறது. ‘அல்ஃபீல்’ எனும் யானை ஸ்பானிய மொழியில் ‘அல்ஃபில்’ என்று இன்றும் நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று உள்ள ஸனது இது. இதில் அறுந்த கண்ணி இல்லை.

பொருள் விரிந்த விதமும் தெளிவானது. ஆட்டத்தில் “செக்” என்ற குரல் எழுந்தவுடன் எதிராளி தன் திட்டங்களை எல்லாம் விட்டு அரசனைக் காக்கத் திரும்ப வேண்டும். ஆகவே, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் திடீர்த் தடையையும், தடுத்து நிறுத்துவதையும் குறிக்கலாயிற்று. தவறு நேராமல் தடுக்க ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எனவே 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘சரிபார்த்தல்’ என்ற பொருள் வந்து சேர்ந்தது. செக்போஸ்ட்டும் செக்கப்பும் இவ்விரு கிளைகளின் காய்களே. ஆட்டப்பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயர் தந்தன. நம் பழவேற்காட்டின் பெயரால் மலாய் மக்கள் ‘காயின் பெலிகாட்’ என்று வழங்கும் கட்டம் போட்ட கைலியை ஆங்கிலேயன் செக் துணி என்னும்போது, அவன் அறியாமலே பாரசீக மன்னனை நினைவுகூர்கிறான்.

கட்டத் துணி விரித்த கருவூலம்

பணத்துறையில் இச்சொல் புகுந்த கதைதான் மிகவும் வியப்புக்குரியது. இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி மன்னர் (1100-1135) காலத்தில், மாவட்ட அதிகாரிகளாகிய ஷெரீஃபுகள் ஆண்டுக்கு இருமுறை அரசவைக்கு வந்து வரிக்கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசைமீது கோடுகள் இட்ட கருந்துணியை விரித்து, அக்கட்டங்களில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கணக்கிட்டனர். பூச்சியம் இல்லாத ரோமானிய எண்களைக் கொண்டு எழுதிக் கூட்டுவது கடினமாதலின் இம்முறை தேவைப்பட்டது. அத்துணி ஆட்டப்பலகையை ஒத்திருந்ததால் அந்த அவைக்கே ஆட்டப்பலகை எனும் பொருளில் லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்று பெயர் வந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’. 1170களின் இறுதியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி இதுபற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். சதுரங்கத்தில் இரு மன்னர் பொருதுவது போல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரீஃபும் பொருதுகின்றனர் என்று அவர் அதில் விளக்கம் தருகிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றளவும் ‘எக்ஸ்செக்கரின் சான்ஸலர்’ என்றே அழைக்கப்படுகிறார்.

அந்நூல் தாமஸ் பிரவுன் என்பவரைக் குறிப்பிடுகிறது. அவர் ஸிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் பணியாற்றியவர். அங்குள்ள அரபு ஆவணத்தில் ‘காயித் பிரூன்’ என்று வழங்கப்படுபவர். அரபு மொழியில் இயங்கிய திவானில் பழகிய ஒருவர் இங்கிலாந்தின் கணக்கவையில் அமர்ந்தார் என்பது மெய். ஆனால் அவர் வருவதற்கு முன்பே எக்ஸ்செக்கர் நிலைபெற்றுவிட்டது. ஆகவே அவரைக் கொண்டு அவ்வமைப்பையே முஸ்லிம்களின் கொடை என்று கூறிவிட இயலாது. இத்தகைய இடங்களில்தான் ஆய்வாளனின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

எக்ஸ்செக்கரில் பணம் செலுத்தியதற்குச் சான்றாக, வெட்டுக்குறிகள் இட்ட மரக்குச்சியை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர். ஐயம் எழுந்தால் இரு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பர். இம்முறை 1826இல் கைவிடப்பட்டது. 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே சாம்பலாயிற்று.

மரக்குச்சியின் வேலையைப் பின்னர்த் தாள் ஏற்றது. ஒரு வங்கியாளர் மீது எழுதப்பட்ட பணக்கட்டளைகள் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. 1659ஆம் ஆண்டைச் சேர்ந்த 400 பவுண்டுக்கான கட்டளையொன்று இன்றும் எஞ்சியுள்ளது. அப்போது அதற்குச் செக் என்ற பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டில்தான் மோசடியைத் தடுப்பதற்காக வைத்துக்கொள்ளப்பட்ட அடிக்கட்டைக்குச் ‘செக்’ என்ற பெயர் ஏற்பட்டது; சரிபார்க்க உதவுவது என்பது பொருள். பிறகு, அடிக்கட்டை உடைய கட்டளைத் தாளுக்கே அப்பெயர் பரவியது. 1820களின் பிற்பகுதியில் கில்பார்ட் என்ற வங்கித்துறை எழுத்தாளர், மற்றப் பொருள்களோடு குழம்பாதிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்திருக்கவும் வேண்டி வேறு எழுத்துக்கூட்டலைக் கையாண்டார். பிரிட்டனில் அது நிலைத்தது; அமெரிக்கர் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டனர்.

ஸக் எனும் ஆவணம்

இனி, ‘ஸக்’ பற்றிய கூற்றுக்கு வருவோம். ஸக் என்பதும் அதன் பன்மைகளான ‘ஸுகூக்’, ‘ஸிகாக்’ என்பவையும் இஸ்லாத்தின் தொடக்க காலத்திலேயே வழங்கியவை. மதீனாவின் ஆளுநராக மர்வான் இருந்தபோது, அரசு வழங்கும் தானியத்துக்கான சீட்டுகளை மக்கள் தானியம் கைக்கு வருமுன்பே விற்கத் தொடங்கினர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் மர்வானிடம் சென்று இதனைக் கண்டித்ததும், அவர் அவ்விற்பனையைத் தடுத்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. அச்சீட்டுகளுக்கு அங்கே வழங்கும் பெயர் ஸிகாக். கையில் இல்லாததை விற்றுக் கைமாற்றும் சந்தையின் தீமை 7ஆம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது என்பதற்கு இது சான்றாகும்.

10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் அவ்தகஸ்த் நகர வணிகர் ஒருவர் சிஜில்மாஸா நகரத்தவருக்குத் தரவேண்டிய 42,000 தீனாருக்கான ஸக் ஒன்றைக் கண்டதாக வியந்து எழுதுகிறார். 11ஆம் நூற்றாண்டில் பஸராவைக் கண்ட நாஸிர் குஸ்ரவ், அங்கே மக்கள் தம் பணத்தை ஸர்ராஃபிடம் ஒப்படைத்து, அவர்மீது எழுதிய எழுத்தைக் கொண்டே பொருள் வாங்கியதை விவரிக்கிறார். கெய்ரோவின் ஜெனீஸா ஆவணங்களை ஆராய்ந்த கோய்ட்டைன், வங்கியாளர்கள் மீது எழுதப்பட்ட பணக்கட்டளைகள் பலவற்றை அடையாளம் காட்டியுள்ளார். ஆகவே காசோலை ஆற்றும் பணியை இங்கிலாந்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இஸ்லாமிய உலகின் வணிகர்கள் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பொருளின் வரலாறு வேறு. சொல்லின் வரலாறு வேறு. அரபுச் சொல் ஆங்கிலம் சேர வேண்டுமாயின் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் எனும் துறைகளுள் ஒன்றிலேனும் கால்பதித்திருக்க வேண்டும். ‘தஃரீஃபா’ இத்தாலியில் ‘தாரிஃபா’ ஆகி ஆங்கிலத்தில் டாரிஃப் ஆயிற்று. ‘திவான்’ இத்தாலியில் ‘தொகானா’ ஆகிச் சுங்கத்தைக் குறித்தது. கிடங்குகளைக் குறிக்கும் ‘மகாஸின்’ இத்தாலியிலும் பிரான்ஸிலும் தங்கி, ஆங்கிலத்தில் முதலில் ஆயுதக் கிடங்கையும், 1731இல் எட்வர்ட் கேவ் லண்டனில் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ முதலாகப் பருவ இதழையும் குறித்தது. இவற்றுக்கெல்லாம் இடைக்கண்ணிகள் உள்ளன. ஸக் என்பதற்கோ பணப்பொருளில் அத்தகைய இடைக்கண்ணி எதுவும் காட்டப்படவில்லை. பிரெஞ்சு மொழியே தன் ‘செக்’ எனும் சொல்லை ஆங்கிலத்திலிருந்துதான் கடன் வாங்கியது. சில நூல்கள் ஸக்கைக் குறிப்பிட்டாலும் அது ஊகமே. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், இது ஸனது முறிந்த முன்கதிஃ.

ஸக் எனும் சொல்லும் அரபியின் சொந்தச் சொல்லன்று. ‘சக்’ எனும் பாரசீகச் சொல்லின் அரபு வடிவம் அது என்று ஜவ்ஹரீ போன்ற அகராதி ஆசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர். பிறமொழிச் சொற்களை இனங்காட்டுவதற்கென்றே ஜவாலீகீ தனிநூல் இயற்றினார். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் குர்ஆனில் வரும் அத்தகைய சொற்களைக் குறித்தே எழுதினார்கள். கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதனால் மொழியின் மதிப்புக் குறையும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

ஒலியின் மயக்கம்

ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகாது. அரபியிலேயே ‘ஸக்க’ என்றால் அடித்தல். அத்தாரியாத் அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தில் இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் வியப்பால் தம் முகத்தில் அடித்துக்கொண்டதைக் கூறுமிடத்தில் இவ்வினை வருகிறது. ஆவணத்தைக் குறிக்கும் ஸக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் எண்ணெய் ஆட்டும் செக்கு உண்டு, வ.உ.சி. சிறையில் இழுத்த அச்செக்குக்கும் வங்கிச் செக்குக்கும் உறவு கற்பிப்பார் எவருமிலர்.

தமிழர்களிடமும் இம்மயக்கம் உண்டு. ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் ‘காசு’ எனும் தமிழ்ச் சொல்லின் திரிபே என்று பலரும் பெருமிதத்தோடு கூறுவர். ஆங்கிலத்தில் கேஷ் என்ற ஒலியில் இரண்டு சொற்கள் உள்ளன. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ், போர்த்துகீசியர் வாய்வழிச் சென்ற நம் காசுதான். கைப்பணத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி எனும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலாவதைச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல இல்லை.

இதனால் நாம் இழப்பது என்ன என்று சிலர் கேட்கலாம். சான்றில்லாத ஒன்றை இளைய தலைமுறைக்கு நாம் கற்பித்தால், அவர்கள் பல்கலைக்கழகத்தில் அதன் பிழையை அறியும் நாளில், நாம் சொன்ன மெய்களையும் ஐயுறுவர். பஸராவின் ஸர்ராஃபும், மதீனாவின் ஸிகாக்கும், டாரிஃப்பும் மேகசினும் அவ்வோர் ஊகத்தோடு சேர்ந்து மதிப்பிழக்கும். அறிவு ஓர் அமானிதம். அதில் மிகைப்படுத்துவதும் மோசடியே.

மெய் வரலாறோ, ஊகத்தைவிட வளமானது. இந்தியாவில் தோன்றிய ஆட்டம், பாரசீக அரசனின் பெயர், அரபிகளின் குரல், பிரெஞ்சுக்காரரின் நா, இங்கிலாந்தின் கணக்குத்துணி எனப் பலரும் சேர்ந்தே இச்சொல்லை உருவாக்கினர். முஸ்லிம்கள் இச்சங்கிலியின் நடுக்கண்ணி. அவர்கள் இன்றி அது இணைந்திராது.

பயணம் அங்கும் முடியவில்லை. இன்றைய அரபு நாடுகளில் காசோலைக்கு ‘ஸக்’ என்ற சொல்லும் ‘ஷீக்’ என்ற சொல்லும் வழங்குகின்றன. ஷீக் என்பது ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்த செக். பக்தாத் ஆட்டக்காரர்கள் அனுப்பிய ஷாஹ், ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேற்று உடையில் வீடு திரும்பிவிட்டது. ஸுகூக்கும் உறங்கிவிடவில்லை, 2002இல் மலேசிய அரசு 60 கோடி டாலருக்கு வெளியிட்ட பத்திரங்கள் அப்பெயரையே தாங்கின. ஒரே மேசையில் இன்று ஷீக்கும் ஸக்கும் அருகருகே கிடக்கின்றன. ஒலியால் நெருங்கிய அவ்விரண்டும் பிறப்பால் வேறானவை. அவ்வேறுபாட்டை அறிந்து சொல்வதே கற்றோர் கடன்.